குதிகால் வலிக்கு நம்ம வயித்து கொழுப்பையே எடுத்து ஊசி போடுறாங்களாமே, யாராவது பண்ணிக்கிட்டீங்களா?

சாக்பீஸ்தூசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நான் டீச்சர், ஒரு நாளைக்கு அஞ்சாறு மணி நேரம் நின்னுக்கிட்டே தான் வேலை. வலது குதிகால்ல வலி ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆகப்போகுது. காலைல எழுந்து கால கீழ ஊனுனா மொத பத்து அடி ஆணி மேல மிதிக்கிற மாதிரி இருக்கும், செவுத்த புடிச்சுக்கிட்டு தான் போவேன், அப்புறம் நடக்க நடக்க கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், மத்தியானம் உக்காந்துட்டு எழுந்தா திரும்ப அதே தான். சாயங்காலம் ஆச்சுன்னா வேற மாதிரி ஒரு வலி, குதிகால் முழுக்க கன்னிப்போன மாதிரி ஒரு நோவு.

எக்ஸ்ரே எடுத்தாங்க, எலும்பு வளர்ந்திருக்குன்னாங்க. சிலிக்கான் ஹீல் கப் வாங்கி போட்டேன், வலி மாத்திரை சாப்பிட்டேன், ஐஸ் வச்சேன். மொத ஸ்டீராய்டு ஊசி போட்டப்போ நாலு மாசம் சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது போட்டது மூணு வாரம் கூட தாங்கல. இப்ப மூணாவது போடலாம்னு ஒரு டாக்டர் சொல்றார், இன்னொருத்தர் ஆபரேஷன் பண்ணி அந்த நரம்பு மாதிரி இருக்குற பட்டைய வெட்டி விட்டுடலாம்னு சொல்றார். வெட்டுறதுன்னு கேட்டதுமே எனக்கு தூக்கம் போச்சு.

இந்த நேரத்துல தான் கூட வேலை பாக்குறவங்க சொன்னாங்க, வயித்துல இருந்தோ தொடைல இருந்தோ நம்ம கொழுப்பையே உறிஞ்சி எடுத்து பாதத்துல ஊசியா போடுறாங்கன்னு. இது நெஜமாவே வைத்தியமா இல்ல விளம்பரமா? கொழுப்பு போயி வீக்கத்த எப்படி ஆத்தும்? போட்ட கொழுப்பு அங்கயே இருக்குமா கரைஞ்சு போயிடுமா? பண்ணிக்கிட்டவங்க யாராவது இருந்தா தயவு செஞ்சு சொல்லுங்க, நான் ரொம்ப களைச்சு போயிட்டேன்.


படிக்கட்டு எழுதியது:

சகோதரி, நான் பிஸியோதெரபிஸ்ட், பன்னெண்டு வருஷமா குதிகால் வலிக்காரங்கள தினமும் பாத்துக்கிட்டு இருக்கேன். கொழுப்பு ஊசி விளம்பரம் இல்ல, நெஜமாவே பண்றாங்க, ஆனா அதுக்கு முன்னாடி உங்க கேள்வியையே கொஞ்சம் மாத்தி போடணும். ஏன்னா குதிகால்ல கொழுப்பு ஊசி போடுறது ரெண்டு வேற வேற நோய்க்கு, ரெண்டுலயும் கொழுப்பு பாக்குற வேலையும் வேற.

ஒண்ணு, குதிகால் எலும்புல இருந்து விரல் வரைக்கும் பாதத்துக்கு அடில ஓடுற பட்டை இருக்கு பாருங்க, பிளான்டர் ஃபேஷியா, அது எலும்போட ஒட்டுற எடத்துல நைஞ்சு தடிச்சு போறது. அதத் தான் பிளான்டர் ஃபேஷியைட்டிஸ்னு சொல்றோம். இன்னொண்ணு, அந்த பட்டைக்கும் கீழ தோலுக்கு மேல நமக்கு இயற்கையா ஒரு கொழுப்பு மெத்தை இருக்கு, சின்ன சின்ன அறையா தேன்கூடு மாதிரி கட்டி அதுக்குள்ள கொழுப்ப அடைச்சு வச்சிருக்கும், நல்லா இருக்குற குதிகால்ல அது கிட்டத்தட்ட ஒன்றரை ரெண்டு சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். வயசாலயோ வேற காரணத்தாலயோ அது தேஞ்சு போனா எலும்பு நேரா தரைல மோதுற மாதிரி ஆயிடும். ரெண்டுமே குதிகால் வலி தான், ஆனா ஒண்ணு கயிறு கெட்டுப்போனது, இன்னொண்ணு மெத்தை போனது.

நீங்க எழுதுனத படிக்கும்போதே எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. காலைல மொத அடி வலி, நடந்தா குறையுது, இது அச்சு அசலா ஃபேஷியா வலி. ஆனா சாயங்காலம் குதிகால் முழுக்க கன்னிப்போன மாதிரின்னு சொன்னீங்க பாருங்க, அது மெத்தை தேயுறவங்க சொல்ற வார்த்தை. மெத்தை வலி நிக்க நிக்க ஏறும், கெட்டியான தரைல வெறுங்காலோட நின்னா தாங்காது. ஸ்டீராய்டு ரெண்டு தடவை போட்டிருக்கீங்க. ஸ்டீராய்டு வலிய அமுக்குறதுல கெட்டி, ஆனா போட்ட எடத்துல இருக்குற கொழுப்ப கரைக்கும், ஃபேஷியாவையும் பலவீனமாக்கி சில பேருக்கு கிழிஞ்சே போகும். அதனால மூணாவது ஊசிக்கு கைய நீட்டுறதுக்கு முன்னாடி தயவு செஞ்சு நிறுத்தி யோசிங்க, இத நான் அழுத்தி சொல்றேன்.

இப்ப ஒரு வேலை பண்ணுங்க. உக்காந்து கால மடில போட்டு, விரல எல்லாம் மேல மடக்கிக்கிட்டு, கட்டைவிரலால குதிகாலோட முன்பக்கம் உள்ளோரமா, அதாவது மறு கால் பக்கமா அழுத்தி பாருங்க. அப்புறம் குதிகாலுக்கு நட்ட நடுவுல அழுத்தி பாருங்க. எங்க உயிர் போகுதுன்னு வந்து சொல்லுங்க. எலும்பு வளர்ந்திருக்குங்கறத மனசுல போட்டு குழப்பிக்காதீங்க, வலியே இல்லாம அந்த எலும்போட நடமாடுறவங்க எத்தனையோ பேரு. எக்ஸ்ரே விட அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தான் இதுக்கு பதில் சொல்லும், ஃபேஷியா தடிமன் சாதாரணமா 4 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், அதே ஸ்கேன்ல மெத்தை தடிமனையும் அளந்து எழுதி தர சொல்லுங்க, கேக்கலன்னா எழுத மாட்டாங்க.

இன்னும் ஒரு கேள்வி. இந்த ஒன்றரை வருஷத்துல உங்களுக்கு யாராவது ஒழுங்கா எக்சர்சைஸ் சொல்லிக்குடுத்தாங்களா? நீங்க எழுதுனதுல அது ஒரு எடத்துல கூட இல்ல.


தியேட்டர்விளக்கு எழுதியது:

நான் பிளாஸ்டிக் சர்ஜரி ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா இருக்கேன், பாதத்துக்கு கொழுப்பு போடுற கேஸ்ல நின்னுருக்கேன், அதனால அது எப்படி நடக்கும்னு சொல்றேன் அக்கா, பயம் கொஞ்சம் குறையும்.

மொதல்ல கொழுப்பு எடுக்குற எடத்துல, பெரும்பாலும் தொப்புளுக்கு கீழ இல்லன்னா உள்தொடைல, மரத்துப்போற மருந்தும் ரத்தம் வராம இருக்க அட்ரினலினும் கலந்த தண்ணி ஏத்துவாங்க. கொஞ்ச நேரம் விட்டு மெல்லிசான குழாய் ஒண்ண உள்ள விட்டு கை சிரிஞ்சுலயே மெதுவா உறிஞ்சுவாங்க. தொப்பைய கரைக்கிற லைப்போசக்‌ஷன் மாதிரி பெரிய மெஷின வச்சு லிட்டர் கணக்குல எடுக்குறது எல்லாம் இல்ல, பாதத்துக்கு வேண்டியது சில மில்லி தான், ஒல்லியா இருக்குறவங்ககிட்ட கூட எங்கயாவது கிடைச்சிடும். எடுத்தத அப்படியே போட மாட்டாங்க, அதுல ரத்தம், தண்ணி, உடைஞ்ச கொழுப்போட எண்ணெய் எல்லாம் கலந்து இருக்கும். சென்ட்ரிஃபியூஜ்ல வச்சு சுத்தவிட்டா மேல எண்ணெய், நடுவுல நல்ல கொழுப்பு, கீழ ரத்தத் தண்ணின்னு பிரிஞ்சுடும். கோல்மன் முறைன்னு சொல்வாங்க, நிமிஷத்துக்கு 3000 சுத்து, 3 நிமிஷம். நடுவுல நிக்குற அந்த மஞ்சளத் தான் சின்ன சின்ன சிரிஞ்சுல ரொப்பி எடுத்துப்பாங்க.

பாதத்த தனியா மரக்க வச்சு, பக்கவாட்டுல ஊசி நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை. அது வழியா கேனுலான்னு சொல்ற முனை மழுங்குன மெல்லிசு குழாய விட்டு, வெளிய இழுத்துக்கிட்டே வரும்போது சொட்டு சொட்டா விட்டுக்கிட்டு வருவாங்க, விசிறி மாதிரி பல தெசைல. மொத்தமா ஒரே எடத்துல கொட்டக்கூடாது, ஏன்னா புது எடத்துல கொழுப்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, சுத்தி இருக்குற சதைல இருந்து ஊறி வர்றத வச்சு தான் மொத சில நாள் அது உயிர் தாங்கணும். பெரிய உருண்டையா போட்டா ஓரம் பிழைக்கும் நடு செத்துப்போகும், செத்தது கட்டியாவோ எண்ணெய் பையாவோ நின்னுடும். நாத்து நடுற மாதிரின்னு எங்க டாக்டர் சொல்வார், இடைவெளி விட்டு நட்டா தான் புடிக்கும்.

கொழுப்ப ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு மாத்துறது ஒண்ணும் நேத்து வந்தது இல்ல. 1893லயே ஜெர்மனில குஸ்டாவ் நாய்பர்னு ஒரு சர்ஜன் கைல இருந்து கொழுப்பு எடுத்து முகத்துல குழிஞ்ச தழும்புக்கு போட்டிருக்கார். ரொம்ப காலம் அது வெறும் குழி ரொப்புற வேலையா தான் இருந்துச்சு. 2001ல பட்ரீசியா ஸுக்ங்கற ஆராய்ச்சியாளரும் அவங்க கூட இருந்தவங்களும் உறிஞ்சி எடுத்த கொழுப்புக்குள்ள எலும்பாவும் குருத்தெலும்பாவும் மாறக்கூடிய செல்லு இருக்குன்னு காட்டுனதுக்கு அப்புறம் தான், கொழுப்பு மெத்தை மட்டும் இல்ல, காயத்த ஆத்துற சரக்கும் அதுல இருக்குன்னு எல்லாரும் பாக்க ஆரம்பிச்சாங்க. உங்க கேள்வி, கொழுப்பு எப்படி ஆத்தும்ங்கறதுக்கு பதில் அங்க இருந்து தான் வருது.

பண்ணிக்கிட்ட அன்னைக்கே வீட்டுக்கு போயிடலாம். வயித்துல அடிபட்ட மாதிரி நீலம் பாரிச்சு ரெண்டு வாரம் வலிக்கும், பல பேரு கால் வலிய விட அதத் தான் பெருசா சொல்வாங்க.


மெல்லநட எழுதியது:

நான் பண்ணிக்கிட்டேன், ஆனா உங்க வலி இல்ல எனக்கு. எனக்கு மெத்தை போனது, அதுவும் குதிகால்ல இல்ல, விரலுக்கு கீழ இருக்குற மேட்டுல. செருப்பு இல்லாம தரைல நின்னா கூழாங்கல் மேல நிக்குற மாதிரி இருக்கும், விரல் எலும்போட முனைய வெளிய இருந்து தொட்டே எண்ணிடலாம். வயசு அம்பத்தாறு, இள வயசுல இருந்து ஹீல்ஸ் போட்டுட்டு நின்ன வேலை. நாலு வருஷம் பேட் மாத்தி பேட் மாத்தி பாத்தேன், பேட் போட்டா செருப்புல எடம் பத்தாது, இல்லன்னா வலிக்கும்.

பண்ணிக்கிட்டு ரெண்டு வருஷமும் சில மாசமும் ஆச்சு. மொத மாசம் ரொம்ப கஷ்டம், பொய் சொல்ல மாட்டேன். முன்பாதத்துல எடை படக்கூடாதுன்னு தடியான பஞ்சு பேட் ஒட்டுன செருப்பு குடுத்து, ஆறு வாரத்துக்கு ஒரு அடி கூட வெறுங்காலோட வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. குளிக்குறதுக்கு நாற்காலி போட்டுக்கிட்டேன். ராத்திரி தூக்க கலக்கத்துல எழுந்து அப்படியே நடந்துடுவேன்னு பயந்து கட்டில் பக்கத்துலயே செருப்ப வச்சு அது மேல ஒரு துணிய போட்டு வைப்பேன், கால் பட்டதும் ஞாபகம் வரணும்னு. ரெண்டாவது மாசம் கால அழுத்தி பாத்தா பஞ்சு மாதிரி இருக்கும், சந்தோஷத்துல அழுதேன். அப்புறம் மெல்ல மெல்ல அது கொறைய ஆரம்பிச்சுது. ஒரு வருஷம் முடியும்போது ஸ்கேன் எடுத்தா பழைய தடிமனுக்கு கிட்டத்தட்ட வந்துடுச்சு. உசுரே போன மாதிரி இருந்துச்சு எனக்கு, இதுக்கா இவ்ளோ பட்டோம்னு.

ஆனா வலி திரும்ப வரல. இத தான் உங்களுக்கு சொல்லணும்னு வந்தேன். டாக்டர்கிட்ட கேட்டேன், தடிமன் போச்சே வலி எப்படி வரலன்னு, அவர் சொன்னார் இது உங்களுக்கு மட்டும் இல்ல, அமெரிக்கால பிட்ஸ்பர்க்ல பாதத்துக்கு கொழுப்பு போட்டு ரெண்டு வருஷம் வரைக்கும் பின்தொடர்ந்து பாத்தவங்களும் இதையே தான் கவனிச்சாங்க, போட்ட தடிமன் கொறைஞ்சாலும் வலியும் நடமாட்டமும் நல்லாவே இருந்துச்சுன்னு. தோலோட தரமும் உள்ள இருக்குற சதையோட தரமும் மாறுதுன்னு அவர் விளக்கம். நான் இப்ப நாப்பது நிமிஷம் நடக்குறேன், ஆனா ஹீல்ஸ் தொடுறதில்ல, வெறுங்காலும் இல்ல.

அதனால கரைஞ்சு போயிடுமான்னு கேட்டீங்கன்னா, ஆமா, ஒரு பங்கு கரையும், எவ்ளோன்னு ஆளுக்கு ஆள் மாறும். எவ்ளோ நிக்குதுங்கறத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.


சாக்பீஸ்தூசி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன், ஒன்றரை வருஷத்துல யாரும் என்கிட்ட இவ்ளோ நேரம் பேசினதில்ல.

படிக்கட்டு சார், நீங்க சொன்ன மாதிரி அழுத்தி பாத்தேன். உள்ளோரமா முன்பக்கம் அழுத்துனப்போ கத்திட்டேன். நடுவுலயும் வலிக்குது, ஆனா அந்த அளவுக்கு இல்ல, ஒரு மாதிரி பச்சையா நோவுது. ஸ்கேனும் எடுத்துட்டேன், ஃபேஷியா 5.8 மில்லிமீட்டராம், இடது கால்ல 3.4. மெத்தைய அளந்து குடுங்கன்னு கேட்டு வாங்குனேன், வலது பக்கம் இடது பக்கத்த விட கொஞ்சம் மெலிசு, ஆனா ரொம்ப இல்லன்னு சொன்னாங்க. எக்சர்சைஸ்னு கேட்டா, ஒரு பந்த கால்ல உருட்டுங்கன்னு ஒரு தடவை சொன்னாங்க, அவ்வளவு தான்.

அப்போ எனக்கு ஃபேஷியா தானே பிரச்சனை, மெல்லநட அக்காவுக்கு போட்ட மாதிரி மெத்தைக்கு இல்லாம ஃபேஷியாவுக்கு கொழுப்பு போட்டு யாருக்காவது சரியாகியிருக்கா?


ரெண்டாவதுகருத்து எழுதியது:

யாரும் பதில் சொல்றதுக்கு முன்னாடி என் கதைய சொல்லிடுறேன், ஏன்னா இவங்க இப்ப நிக்குற எடத்துல தான் நானும் நின்னேன். வலி, வெறுப்பு, ஊசி எல்லாம் போட்டு பாத்தாச்சுங்கற நெலமைல ஒரு கிளினிக்குக்கு போனேன். ஸ்டெம் செல் வைத்தியம், உங்க கொழுப்புல இருந்தே எடுக்குறோம், மூட்டு, முதுகு, குதிகால், முடி எல்லாத்துக்கும் ஒரே மருந்துன்னு சுவர் முழுக்க படம். ஸ்கேன் எடுக்கல, அழுத்தி கூட பாக்கல, பதினஞ்சு நிமிஷத்துல தேதி குறிச்சாங்க. நானும் சரின்னுட்டேன். போட்டு எட்டு மாசம் ஆகியும் ஒரு மாத்தமும் இல்ல.

அப்புறம் ஒரு பாத சர்ஜன் எம்ஆர்ஐ எடுத்து பாத்து சொன்னார், என் வலி ஃபேஷியாவே இல்ல, குதிகால் உள்பக்கமா போற ஒரு சின்ன நரம்பு நசுங்கியிருக்கு, பாக்ஸ்டர் நரம்புன்னு பேராம். எனக்கு காலைல மொத அடில வலிக்கவே வலிக்காது, எரிச்சல் தான், ராத்திரி படுத்திருக்கும்போது கூட எரியும், சுண்டுவிரல் பக்கம் வலு கொறைஞ்சிருந்துச்சு. இத அன்னைக்கு யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கொழுப்பு மேல எனக்கு கோவம் இல்ல, கேக்காம ஊசிய எடுத்தவங்க மேல தான் கோவம்.

ரெண்டு குதிகால்லயும் சேந்து வலிக்குறவங்க, காலைல முதுகு இறுக்கமும் அரை மணி நேரத்துக்கு மேல இருக்குறவங்க, வாத டாக்டரயும் பாத்துடுங்க, அது வேற நோயா இருக்கலாம், கொழுப்பும் ஆகாது பிஸியோவும் மட்டும் பத்தாது. ஓட்டப்பயிற்சிய திடீர்னு ஏத்துன பிறகு குதிகால ரெண்டு பக்கமும் சேத்து நசுக்குனா வலிக்குதுன்னா எலும்புல விரிசல் இருக்கான்னு பாக்கணும்.


படிக்கட்டு எழுதியது:

ரெண்டாவதுகருத்து சொன்ன ஒவ்வொரு வரியும் உண்மை, நான் தனியா எழுதணும்னு இருந்தத அவர் அனுபவத்தோட சொல்லிட்டார்.

சகோதரி, ஃபேஷியாவுக்கே கொழுப்பு போட்டு பாத்த ஆராய்ச்சி இருக்கு. அதே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி குசெனாஃப்னு பிளாஸ்டிக் சர்ஜன், பெத் குசெனாஃப்னு பாத மருத்துவர், இவங்க ரெண்டு பேரும் சேந்து பண்ணது, 2022ல வெளிவந்துச்சு. மத்த வைத்தியம் எதுக்கும் அடங்காத நாள்பட்ட ஃபேஷியைட்டிஸ்காரங்கள ரெண்டு பிரிவா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு ஒடனே கொழுப்பு போட்டு ஒரு வருஷம் பாத்தாங்க, இன்னொரு பிரிவ ஆறு மாசம் ஒண்ணும் பண்ணாம கவனிச்சுட்டு அப்புறம் போட்டு ஆறு மாசம் பாத்தாங்க. வலி கொறைஞ்சுது, நடமாட்டமும் விளையாட்டும் கூடுச்சு, தடிச்சிருந்த ஃபேஷியாவும் மெலிஞ்சுது.

ஆனா இதுல இருந்தவங்க மொத்தம் 14 பேர். பதினாலே பேர். இத நான் தடுக்குறதுக்காக சொல்லல, நல்ல ஆளுங்க ஒழுங்கா பண்ண நல்ல ஆரம்பம், ஆனா பதினாலு பேர வச்சு உங்களுக்கு நிச்சயம் சரியாகும்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. அதுவும் கொழுப்ப மட்டும் போடுறது இல்ல, அந்த கேனுலாவால நைஞ்ச ஃபேஷியாவ பல எடத்துல குத்தி ஓட்டை போட்டுக்கிட்டே தான் கொழுப்ப விடுறாங்க. அந்த குத்துறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. ஐட்டிஸ்னா வீக்கம்னு அர்த்தம், நாம ஃபேஷியைட்டிஸ்னு வீக்கம் மாதிரி பேரு வச்சுட்டோமே தவிர, 2003லயே லெமான்ட்னு ஒரு பாத மருத்துவரும் கூட இருந்தவங்களும் ஆபரேஷன்ல எடுத்த 50 பேரோட திசுவ மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு இதுல வீக்க செல்லே இல்ல, நார் நைஞ்சு சிதைஞ்சு கெடக்குன்னு தான் எழுதுனாங்க. அதாவது ஒடம்பு அந்த எடத்த ஆத்துற முயற்சிய விட்டுடுச்சு. அதனால தான் வீக்கத்த அமுக்குற ஸ்டீராய்டு வேலை ரொம்ப நாள் நிக்குறதில்ல. புதுசா குத்தி ஒரு சின்ன காயம் பண்ணி, ஆத்துற சரக்கு இருக்குற கொழுப்ப அங்கயே வச்சா, நின்னுபோன வேலை திரும்ப ஆரம்பிக்கும்ங்கறது தான் இதுல உள்ள யோசனை. உங்க மொத கேள்விக்கு இது தான் பதில், வீக்கத்த ஆத்துறது இல்ல, ஆறாம கெடக்குறத ஆற வைக்குறது.

வெட்டி விடுற ஆபரேஷன் பத்தியும் சொல்லிடுறேன். அந்த பட்டை தான் பாதத்தோட வளைவ தாங்குற நாண். அத அதிகமா வெட்டுனா வளைவு எறங்கி பாதத்தோட வெளிப்பக்கம் வலி புடிச்சுக்கும், அதனால நல்ல சர்ஜன்ங்க ஒரு பகுதிய மட்டும் தான் வெட்டுவாங்க, அதையும் கடைசியா தான் வைப்பாங்க. கொழுப்பு ஊசில வெட்டு இல்லங்கறது நெஜமாவே பெரிய விஷயம்.

இப்ப உங்களுக்கு என் யோசனை. உங்களுக்கு இன்னும் பாதி வைத்தியமே நடக்கல சகோதரி, பந்த உருட்டுறது வைத்தியம் இல்ல. படிக்கட்டு ஓரத்துல நில்லுங்க, ஒரு துண்ட சுருட்டி கால் விரலுக்கு அடில வச்சு விரல் மேல மடங்குற மாதிரி பண்ணுங்க, குதிகால் காத்துல இருக்கணும். மூணு செகண்டுல மெதுவா மேல ஏறி, ரெண்டு செகண்டு நின்னு, மூணு செகண்டுல மெதுவா கீழ எறங்கணும். மொதல்ல ஒரு தடவைக்கு 12, மூணு சுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ரெண்டு மூணு வாரத்துல சுலபமா இருந்தா முதுகுல பை மாட்டி அதுல புத்தகம் போட்டு எடை ஏத்தி 10 தடவையா, அப்புறம் இன்னும் ஏத்தி 8 தடவையா கொறைச்சுக்கிட்டே வாங்க. இது டென்மார்க்ல ராத்லெஃப்னு ஒரு பிஸியோவும் கூட இருந்தவங்களும் 2014ல வெளியிட்டது, வெறும் நீட்டுற எக்சர்சைஸ் பண்ணவங்கள விட மூணு மாசத்துல இவங்களுக்கு வலி நல்லாவே கொறைஞ்சுது. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா ரெண்டு கூட்டமும் ஒண்ணா தான் இருந்தாங்க, ஆனா வலில இருக்குறவங்களுக்கு அந்த ஒன்பது மாசம் பெருசு.

அதோட, காலைல கட்டில விட்டு எறங்குறதுக்கு முன்னாடி கால மடில போட்டு விரல கையால மேல இழுத்து பத்து எண்ணுற வரைக்கும் புடிங்க, பத்து தடவை. மொத அடி எடுத்து வைக்குறதுக்கு முன்னாடி பண்ணணும், அப்புறம் பண்ணி பிரயோஜனம் கம்மி. ஷாக்வேவ்னு, மெஷின வச்சு வலிக்குற எடத்துல வெளிய இருந்தே அதிர்வலை குடுக்குற வைத்தியமும் ஒண்ணு இருக்கு, அதையும் நீங்க இன்னும் பாக்கல. இதெல்லாம் மூணு மாசம் ஒழுங்கா பண்ணியும் அசையலன்னா, அப்ப ஸ்கேன கைல எடுத்துக்கிட்டு கொழுப்பு போடுறவர்கிட்ட போங்க. அப்ப போறது தான் நியாயம், உங்களுக்கும் அவருக்கும்.


சாக்பீஸ்தூசி எழுதியது (நாலு மாசம் கழிச்சு):

தாமதமா வர்றதுக்கு மன்னிச்சிடுங்க. மூணாவது ஸ்டீராய்டு போட்டுக்கல. படிக்கட்டு எக்சர்சைஸ் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத மூணு வாரம் வலி கூடுன மாதிரி இருந்துச்சு, விட்டுடலாம்னு நெனச்சேன், விடல. இப்ப பையில எட்டு கிலோ போடுறேன். ஷாக்வேவும் வாரம் ஒண்ணுன்னு நாலு தடவை எடுத்தேன். காலைல செவுத்த புடிக்குறது நின்னுடுச்சு. பத்துக்கு எட்டு இருந்த வலி இப்ப நாலு. ஸ்கேன்ல ஃபேஷியா 5.1.

ஆனா அந்த சாயங்கால வலி அப்படியே இருக்கு, குதிகால் நடுவுல. காலை வலி கொறைஞ்சதும் அது இப்ப தனியா தெரியுது, முன்னாடி ரெண்டும் கலந்து இருந்ததால எனக்கே பிரிச்சு சொல்ல தெரியல. அந்த ரெண்டு ஊசியால மெத்தை கொஞ்சம் போயிருக்குன்னு எனக்கு தோணுது. அதனால வர்ற நீண்ட லீவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன், ரெண்டு ஸ்கேனையும் எடுத்துட்டு போறேன். என்ன கேக்கணும்னு எழுதி வச்சிருக்கேன்: எனக்கு போடப்போறது மெத்தைக்கா ஃபேஷியாவுக்கா, இதுவரைக்கும் எத்தனை பாதத்துக்கு போட்டிருக்கீங்க, புடிக்கலன்னா அடுத்து என்ன, எத்தனை வாரம் நிக்க கூடாது. வேற ஏதாவது விட்டுட்டேனா?


தியேட்டர்விளக்கு எழுதியது:

நல்லா இருக்கு அக்கா, படிக்கவே சந்தோஷமா இருக்கு. ரெண்டு மூணு சேத்துக்கோங்க. கொழுப்ப கழுவி அப்படியே போடுறீங்களா இல்ல ஏதாவது மருந்து ஊத்தி செல்ல பிரிச்சு போடுறீங்களான்னு கேளுங்க, பிரிச்சு போடுறது வேற வைத்தியம், வேற சட்டம். சர்க்கரை, ரத்தம் ஒறையாம இருக்க சாப்பிடுற மாத்திரை, சிகரெட் இதெல்லாம் இருக்கான்னு அவங்களே உங்கள கேக்கணும், கேக்கலன்னா நீங்களே சொல்லிடுங்க, ரத்த ஓட்டம் சரியில்லாத கால்ல போட்ட கொழுப்பு புடிக்காது. கட்டி தட்டுனாலோ சிவந்து சூடா இருந்தாலோ யாருக்கு போன் பண்ணணும்னும் கேட்டு வச்சுக்கோங்க.


மெல்லநட எழுதியது:

இன்னும் ஒண்ணு. எத்தனை வாரம் நிக்க கூடாதுன்னு கேக்காதீங்க, திரும்ப ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நிக்க எப்ப விடுவீங்கன்னு கேளுங்க. ரெண்டுக்கும் பதில் வேற. எனக்கு நடக்க விட்டது ஒடனே, நாள் முழுக்க நிக்க விட்டது மூணாவது மாசம். லீவு எத்தனை நாள்னு அத வச்சு கணக்கு போடுங்க, ஸ்கூல்ல உக்காந்து பாடம் நடத்த ஒரு உயரமான நாற்காலி இப்பவே கேட்டு வாங்கிடுங்க.